திங்கட்கிழமைக் கட்டு

பிப்ரவரி 12, திங்கள்

காலை ஏழே முக்காலுக்கு உட்கார்ந்து எட்டேகாலுக்குள் இருபத்தைந்து பர்மிட்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. எங்கள் தொழிற்சாலையில் இதற்குத் திங்கட்கிழமைக் கட்டு என்று பெயர். நாங்கள் செய்வது பெரிய பெரிய ஸ்டீல் டேங்குகள். அதற்குள் ஓர் ஆள் இறங்கி வெல்டிங் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் பாதுகாப்பு அதிகாரி நேரில் போய், மீட்டரை உள்ளே விட்டு, காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து, எழுதி, அப்புறம்தான் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த தாளில் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் டேங்க் பதினொன்று, நான் ஒருத்தி. அதனால் வாரம் முழுவதற்கும் உண்டான சீட்டுகளைத் திங்கள் காலையே கையெழுத்துப் போட்டு ஃபோர்மேனிடம் கொடுத்துவிடுவது வழக்கம். ஆக்சிஜன் கட்டத்தில் 20.9 என்று நானே எழுதிவிடுவேன். நல்ல காற்றில் அவ்வளவுதான் இருக்கும். தேதி, நேரம், இறங்குகிற ஆளின் பெயர் எல்லாம் அவர் நிரப்பிக்கொள்வார். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். எட்டு வருஷமாக நானும் செய்கிறேன்.

மதியம் கிரைண்டிங் செய்கிறவர் ஒருவர் கண்ணாடி போடவில்லை. சொன்னேன். "இதோ மேடம்" என்று போட்டார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறது. "நெத்தியிலயா உங்களுக்குக் கண்ணு?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

கால் வலி.

பிப்ரவரி 14, புதன்

தராசு போன் செய்தான். நான் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கூட வேலை பார்த்தவன். எதைக் கேட்டாலும் இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று நிறுத்துத்தான் பேசுவான், அதனால் அந்தப் பெயர். ஐந்து வருஷமாக வெளிநாட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறான்.

"அக்கா, இங்க சேஃப்டிக்கு ஆள் எடுக்கறாங்க. உங்க அனுபவத்துக்குக் கிடைச்சிடும். ஆனா வெளியில செல்லுபடியாகற சர்டிபிகேட் ஒண்ணு வேணும். ரெண்டு வகை இருக்கு."

சின்னது பத்து நாள் வகுப்பு. நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற பரீட்சை. அதை முடித்து ஏப்ரல் கடைசிக்குள் விண்ணப்பித்தால் மே மாதம் விமானம் ஏறலாம். ஆனால் வெயிலில் நின்று யார் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலைதான். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. பெரியது டிப்ளமோ, ஒரு வருஷம். எழுத்துப் பரீட்சை இரண்டு. அதோடு, வேலை செய்கிற இடத்தையே ஆராய்ந்து ஓர் அறிக்கை. முடித்தால் அதிகாரி வேலை, வீடு, குடும்பத்துக்கு விசா.

"எதுடா படிக்கலாம்?"

"ரெண்டுக்கும் ரெண்டு பக்கம் இருக்குக்கா."

இதைச் சொல்லவா அத்தனை தூரத்திலிருந்து கூப்பிட்டான்.

எனக்கு என்னதான் வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். சம்பளம் வேண்டும், அதில் பொய் இல்லை. ஆனால் அதைவிட, நான் நிறுத்து என்றால் வேலை நிற்கிற ஓர் இடம் வேண்டும். வயது முப்பத்தொன்பது. ஒருமுறையாவது அதைப் பார்த்துவிட வேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இரண்டு விளம்பரத் தாளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இவர் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் எதையாவது கழற்ற வேண்டும்.

"சின்னதை முடிச்சிட்டுப் போ. ரெண்டு வருஷம்தானே. பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றார், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"பெரிசு படி" என்றாள் மகள். பதினோரு வயது. "கேள்வி நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. தப்பாச் சொன்னா பாத்திரம் தேய்க்கணும்."

"சரியாச் சொன்னா?"

"அப்பவும் நீதானே தேய்க்கற."

கொழுந்தன் சாப்பிட வந்திருந்தான். இவருடைய தம்பி, என் தொழிற்சாலையில்தான் வெல்டர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதனாலேயே டேங்கின் அடிமட்டத்து வெல்டிங் எல்லாம் அவன் தலையில்தான். வீட்டில் அண்ணி என்பான், பட்டறையில் சேஃப்டி மேடம் என்று சல்யூட் அடிப்பான். "அண்ணி, பெரிசைப் படிச்சு அங்க போய் எனக்கும் ஒரு விசா அனுப்புங்க" என்று மூன்றாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டான். எங்கேதான் போகிறதோ அத்தனையும்.

பெரியது என்று முடிவு செய்துவிட்டேன். பாப்பாவை விட்டுவிட்டுப் போக முடியாது. அவளுக்காக என்று சொல்கிறேன். எனக்காகவும்தான்.

பிப்ரவரி 21, புதன்

செவ்வாய் காலையும் சனி முழு நாளும் வகுப்பு. செவ்வாய் அரைநாள் லீவு கேட்டேன். மேனேஜர் உடனே சரி என்றார். "படிங்க, நல்லதுதானே. வேலை மட்டும் நிக்கக் கூடாது."

நிற்காது. நான் இல்லாத நேரத்துக்கும் சேர்த்து இனி கட்டு நாற்பது.

மார்ச் 2, சனி

முதல் வகுப்பு. பதினெட்டுப் பேர், பெண்கள் மூன்று பேர். பாடம் எடுப்பவள் என்னைவிட நாலு வயதாவது சின்னவள். நீட்டி முழக்காமல் பேசுகிறாள். முதல் நாளே சொன்னாள்: "உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா, காப்பாத்தறேன்னு குதிக்கறவர்தான் ரெண்டாவது பிணம். வெளிய நிக்கறவர் வெளியவே நிக்கணும். உள்ள இறங்கினவர் இடுப்புல கட்டின கயித்தைத்தான் இழுக்கணும்."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன். இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கி நடந்தேன்.

மார்ச் 7, வியாழன்

அந்தக் கயிற்று விஷயத்தை இன்று காலைக் கூட்டத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ஐந்து நிமிஷம். யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. டேங்குக்கு வெளியே காவல் நிற்கிற பெரியவர், ஸ்பேனர் என்று கூப்பிடுவோம், அவர் மட்டும் கை தூக்கினார். கேள்வி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கொட்டாவி விட்டார்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று வகுப்பில் பர்மிட் பாடம். திடீரென்று கேட்டாள்: "நேர்ல போய்ப் பாக்காம பர்மிட்ல கையெழுத்துப் போடறவங்க இங்க எத்தனை பேர்?"

பதினெட்டுப் பேரும் பேனாவைப் பார்த்தோம். என் பேனாவின் மூடியில் ஒரு விரிசல் இருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

"சரி, ஒருத்தரும் இல்ல. ரொம்ப சந்தோஷம்" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

நேற்றுதான் நாற்பது போட்டேன். கை தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்தவரும் தூக்கியிருப்பாரோ என்னவோ.

மார்ச் 28, வியாழன்

அறிக்கைக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய கடைசி நாள். 'உங்கள் பணியிடத்தில் உள்ள மிகப்பெரிய ஆபத்து எது?' சத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காதுக்குக் கேடு, அளவு எடுக்கலாம், படம் போடலாம். சத்தம் நல்ல பிள்ளை. யாரையும் மாட்டிவிடாது.

ஏப்ரல் 8, திங்கள்

நாற்பது கையெழுத்து. ஜலதோஷம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

உயிரோடு இருக்கிறான். இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஏப்ரல் 10, புதன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நேற்று வகுப்பில் போனை அணைத்து வைத்திருந்தேன். பதினொன்றரைக்குத் திறந்தால் பதினான்கு அழைப்பு. நாலாம் நம்பர் டேங்க். திங்கள் சாயங்காலம் வெல்டிங்குக்காக உள்ளே ஆர்கான் வாயு விட்டிருக்கிறார்கள். குழாயை வெளியே எடுக்கவில்லை, வால்வும் சரியாக மூடவில்லை. ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கிறது. அது காற்றைவிடக் கனம், ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. மீட்டரை இறக்கிப் பார்த்திருந்தால் ஒரே நிமிஷத்தில் கத்தியிருக்கும்.

காலை எட்டு பத்துக்குக் கொழுந்தன் இறங்கியிருக்கிறான். அடியில் வெல்டிங் போட்ட தையலைப் பார்க்கக் குனிந்தவன் அப்படியே மடங்கிவிட்டான். வெளியே நின்றது ஸ்பேனர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னது: "குதிக்கத்தான் போனேன் மேடம். ஒரு காலை உள்ள வச்சிட்டேன். ரெண்டாவது பிணம்னு நீங்க சொன்னது சடார்னு ஞாபகம் வந்துச்சு. காலை எடுத்துட்டுக் கயித்தை இழுத்தேன். நல்லவேளை, பையன் கனமே இல்ல." கொட்டாவி விட்ட மனுஷன்.

முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. தலைவலி, வாந்தி. இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஓரகத்தி, அவன் மனைவி, கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். என்னைக் கண்டதும், "அக்கா, நீங்க வந்துட்டீங்க" என்று தோளில் சாய்ந்து அழுதாள். என் தோளில்.

பர்மிட்டைப் பார்த்தேன். நேரம் 8.10, ஃபோர்மேன் கையெழுத்தில். ஆக்சிஜன் 20.9, என் கையில். கீழே என் பெயர். அந்த எட்டு பத்துக்கு நான் ஊரின் அந்தக் கோடியில் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறேன், பெரிய ஆள்தான்.

ஏப்ரல் 11, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவனைக் கேட்டார்கள். நான் கதவோரம்.

"மேடம் வந்து மீட்டர் வச்சுப் பாத்தாங்க சார். என் கண்ணு முன்னாடிதான். மீட்டர்தான் தப்பாக் காட்டியிருக்கும்."

கண் இமைக்காமல் சொன்னான். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "வாயைத் தொறக்காதீங்க அண்ணி. எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. நீங்க போற காரியம் கெட்டுடக் கூடாது" என்றான். பல் போன இடத்தில் காற்று வந்தது.

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டினேனே, நான்தான்.

ஏப்ரல் 12, வெள்ளி

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எட்டு வருஷத்தில் இந்த அறையில் எனக்குத் தண்ணீர் கிடைத்தது இன்றுதான்.

"மீட்டர் பழுது. அவ்வளவுதான். உங்களுக்கும் கஷ்டமில்ல, ஃபோர்மேனுக்கும் இல்ல, கம்பெனிக்கும் இல்ல. அந்த வகுப்பு ரிஜிஸ்தரை யார் போய்ப் பாக்கப் போறா?"

தம்ளரை மேஜையில் வைத்தேன்.

"ஒரு வருஷப் படிப்பெல்லாம் எதுக்குங்க? சின்ன சர்டிபிகேட் பத்து நாள்தானே. லீவு நான் தரேன். அனுபவக் கடிதம் நானே உக்காந்து எழுதறேன், ஒரு குறையில்லாம. இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க. அடுத்த மாசம் பறந்துடுங்க."

அப்பா செத்தபோது மூன்று நாள் லீவுக்கு என்ன பாடு படுத்தினார் இவர். இப்போது பத்து நாள்.

வெளியே வந்து அந்த மீட்டரை எடுத்து முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். 20.9. வாய்க்கருகில் வைத்து ஊதினேன், எண் இறங்கியது. அதற்கு ஒரு பழுதும் கிடையாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டு, நாற்பது, 20.9, தம்பி சொன்ன பொய், மேனேஜர் கொடுத்த தண்ணீர். இவர் மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். முடித்த சட்டையையே திரும்ப எடுத்து இன்னொரு முறை போட்டார்.

"அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார் கடைசியில்.

"தெரியல."

"அவன் என் தம்பி."

"தெரியும்."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தராசு செய்தி அனுப்பியிருக்கிறான்: 'சின்னதுக்குச் சீட் இருக்கு அக்கா, 17ஆம் தேதி வகுப்பு ஆரம்பம். ஆமா இல்லைன்னு நாளைக்குள்ள சொல்லணும்.' பத்தே நாள். டிக் அடிக்கிற பரீட்சை. அதில் யாரும் என்னைப் பார்த்து உன் இடத்தில் என்ன ஆபத்து என்று கேட்க மாட்டார்கள். போய்விடலாம். போய்விட்டால்தான் என்ன? யார் செத்தார்கள்? ஒருத்தரும் சாகலையே. நான் மட்டுமா போட்டேன், எனக்கு முன்னாடி இருந்தவரு போடலையா? எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வரமாட்டேங்குது?

ஏப்ரல் 15, திங்கள்

'ஆமாம், சேர்கிறேன்' என்று பஸ்ஸிலேயே தராசுக்குச் செய்தி எழுதிவிட்டேன். அனுப்புகிற நேரத்தில் இறங்குமிடம் வந்துவிட்டது. உள்ளே போய் அனுப்பலாம் என்று போனைப் பையில் போட்டேன்.

மேஜையில் நாற்பது சீட்டு. புதுக் கட்டு, ரப்பர் பேண்ட் போட்டு.

ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார். "மேடம், இந்த வாரக் கட்டு. நாலாம் நம்பருக்கு இன்னைக்கு ஆள் இறங்கணும், கொஞ்சம் சீக்கிரம்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாளும் ஆரஞ்சு வாங்கி வந்தவர். மயங்கி விழுந்து ஆறு நாள்தான் ஆகிறது. அதே டேங்க். அவருக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. மீட்டர்தானே பழுது! புது மீட்டர் வந்தாகிவிட்டது, இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

பேனாவைத் திறந்துவிட்டேன். பழக்கம். முதல் சீட்டில் 20 என்று எழுதிப் புள்ளியும் வைத்துவிட்டேன். கை அங்கேயே நின்றுவிட்டது. நான் போன பிறகும் யாராவது ஒருத்தர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைப் போடுவார். கொழுந்தன் இறங்குவான். கயிறு எல்லா நாளும் கட்டியிருக்குமா, ஸ்பேனர் எல்லா நாளும் நிற்பாரா?

எழுதத் தாள் தேடவில்லை. அந்தச் சீட்டையே திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினேன். ஒன்பதாம் தேதி எட்டு பத்துக்கு நான் தொழிற்சாலையில் இல்லை, அதற்கு முந்தைய நாளே பார்க்காமல் கையெழுத்திட்டேன், எட்டு வருஷமாக இப்படித்தான், மீட்டர் நன்றாக இருக்கிறது, வெல்டர் என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார். ஆறு வரிதான் வந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் இன்னும் விருந்தினர் அறையில்தான் இருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர் படித்துவிட்டு மற்றவரிடம் தந்தார். "உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன்.

தராசுக்கு எழுதியதை அழித்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

உத்தரவு வந்தது. எனக்கு இரண்டு வாரம் சம்பளமில்லாத சஸ்பென்ஷன். பாதுகாப்புப் பிரிவிலிருந்து நீக்கி ஸ்டோருக்கு மாற்றம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கே ஆரம்பித்தேனோ அங்கே. ஃபோர்மேனுக்கு எச்சரிக்கை. பொய் சொன்னதற்காகக் கொழுந்தனுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன்.

மேனேஜருக்கு ஒன்றுமில்லை. கட்டு இனி கூடாது என்ற சுற்றறிக்கையில் கையெழுத்து அவருடையதுதான்.

கொழுந்தன் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "உங்களுக்காகத்தானே சொன்னேன், என்னைப் பொய்யனாக்கிட்டீங்கல்ல." வைத்துவிட்டான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஓரகத்தி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"மூணு நாள் சம்பளம் போனது பத்தி ஒண்ணுமில்லக்கா. ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய வர்ற வரைக்கும் ஒரு மணி இருபது நிமிஷம், நான் விதவையா இல்லையான்னு தெரியாம நின்னேன். அப்புறம் நீங்க வந்ததும் உங்க தோள்லதான் சாஞ்சேன். அப்பவே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அதான். அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

போய்விட்டாள். மகள் அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராத்திரிப் பாத்திரத்தை அவளே தேய்த்தாள், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

மே 1, புதன்

தராசு கூப்பிட்டான். அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. முழுக் கதையும் சொன்னேன்.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா? இங்கயும் கட்டு உண்டு. திங்கக்கிழமைக்குப் பதிலா இங்க ஞாயித்துக்கிழமை போடறாங்க."

சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனும் சிரித்தான். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. எந்த இடத்துக்குப் போவதற்காக இத்தனை நாள் ஓடினேன்?

மே 6, திங்கள்

ஸ்டோரில் முதல் நாள். கையுறை, முகக் கண்ணாடி, வெல்டிங் ராடு. கவுண்ட்டரில் சின்ன ஜன்னல். அதன் வழியாக எல்லாருடைய கையும் தெரிகிறது, முகம் பாதிதான் தெரிகிறது. கொழுந்தன் கையுறைக்கு வேறு ஆளை அனுப்பினான்.

மே 11, சனி

படிப்பை விட்டுவிடலாமென்று வகுப்பு முடிந்ததும் பாடம் எடுப்பவளிடம் சொன்னேன். ஸ்டோர்காரிக்கு டிப்ளமோ எதற்கு?

"அறிக்கைக்கு என்ன தலைப்பு குடுத்தீங்க?"

"சத்தம்."

"மாத்தணுமா?"

யாரோ சொல்லியிருக்க வேண்டும். சின்ன ஊர் மாதிரிதான் இந்தத் தொழில். மாத்தணும் என்றேன். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது ரொம்பப் பிடித்திருந்தது.

மே 30, வியாழன்

அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். முப்பத்திரண்டு பக்கம். 'பார்க்காமல் இடப்படும் அனுமதிக் கையொப்பம்.' எட்டு வருஷத்தில் நான் போட்டது எத்தனை என்று கூட்டிப் பார்த்தேன், பத்தாயிரத்துக்கு மேல். ஓர் ஆள் இத்தனை டேங்கைப் பார்க்க முடியாது, இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதை எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் உனக்கு முடியவில்லை என்பார்களே என்று.

நிறுவனத்தின் சார்பில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "இதுல எப்படிங்க நான் கையெழுத்துப் போடறது? நான் பாக்கலையே இதெல்லாம்."

பார்க்காததில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. கையொப்பம் மறுக்கப்பட்டது என்று குறித்து அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

இவர் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். புதுப் பல் கட்டியிருக்கிறானாம். என்னைப் பற்றிப் பேச்சு வந்ததா என்று கேட்கவில்லை. "வரல" என்று இவராகவே சொன்னார்.

ஜூன் 25, செவ்வாய்

அறிக்கை தேறிவிட்டது. எழுத்துப் பரீட்சை முதல் தாளில் நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். மகள் கேள்விப் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இவர் டீ போட்டுக் கொடுத்தார். ஏப்ரலுக்குப் பிறகு இவர் போட்டுத் தந்த முதல் டீ. சர்க்கரை ரொம்ப அதிகம், குடித்தேன்.

ஜூலை 1, திங்கள்

என் இடத்துக்கு வந்திருக்கும் புது அதிகாரிக்கு இருபத்தாறு வயது. பத்து நாள் சர்டிபிகேட்காரர். நல்ல மாதிரி, ஆனால் மேனேஜரைப் பார்த்தால் குரல் இறங்கிவிடுகிறது. இன்று காலை அவரை ஏதோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒன்பதே காலுக்கு ஸ்டோர் போன் அடித்தது.

"அண்ணி."

பதினோரு வாரம் ஆகிறது அந்த வார்த்தையைக் கேட்டு.

"ஏழாம் நம்பர்கிட்ட நிக்கறேன். புதுசா வந்தவர் இன்னும் வரல. ஃபோர்மேன் பாக்கெட்லேருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டறாரு, எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கு. நான் இறங்க மாட்டேன்னுட்டேன். எல்லாரும் கத்தறாங்க. ஸ்பேனர் மட்டும்தான் என் பக்கத்துல நிக்கறாரு."

கத்துவது எனக்கே கேட்டது, போனிலும், ஜன்னல் வழியாகவும்.

"என்ன பண்ணட்டும்?"

"நில்லு" என்றேன்.

"நிக்கறேன்."

போனை அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஃபோர்மேன் கத்தி ஓய்ந்தார், மேனேஜர் வந்து கத்தினார், அப்புறம் அவரும் ஓய்ந்தார். நாற்பது நிமிஷம் கழித்து அந்த அதிகாரி மீட்டரைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டி ஓடினார்.

அதுவரை கவுண்ட்டரில் மூன்று பேர் கையுறைக்காக நின்றிருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் எடுத்துக் கொடுத்தேன்.